கிணற்றை அளந்த பிறகுதான் சோலார்: உழவர்களும் மரம் வளர்ப்போரும் மாற்று எரிசக்திக்கு மாற உதவுவோருக்கு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஓர் உழவரிடம் போய், சோலார் பம்புசெட் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவர், ஒரு கேள்விக்கு விடையைக் கையில் வைத்திருக்க வேண்டும். "எனக்குத்தான் இலவச மின்சாரம் இருக்கிறதே, இது எதற்கு?" இது நியாயமான கேள்வி. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இங்கே கட்டணமில்லாமல் ஓடுகின்றன. மின் இணைப்பு சரியாக வேலை செய்யும் தோட்டத்தில், சொந்தப் பணத்தைப் போட்டுச் சூரியப் பலகை மாட்டச் சொல்வது உதவி ஆகாது. உதவி தேவைப்படுபவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதில்தான் இந்த வேலை தொடங்குகிறது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் களப்பணியாளர், ஊராட்சி மன்ற உறுப்பினர், கூட்டுறவு சங்கச் செயலாளர், வனக்குழுவில் இருப்பவர், ஊருக்குத் திரும்பி வந்து ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞர் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் படி: யாருக்கு உண்மையிலேயே தேவை?

ஊரில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நடந்து மூன்று வகையினரைக் குறித்துக்கொள்ளுங்கள். டீசல் என்ஜினில் நீர் இறைப்பவர்கள் முதல் வகை. இலவச இணைப்புக்கு விண்ணப்பித்து வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இரண்டாம் வகை. மின்கம்பம் எட்டாத தூரத்தில், காட்டோரத்திலோ மலைச்சரிவிலோ நிலம் வைத்திருப்பவர்கள் மூன்றாம் வகை.

இவர்களில் டீசல்காரரின் கணக்கு உடனே புரியும். ஐந்து குதிரைத்திறன் என்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம், ஆண்டில் 150 நாள் ஓடினால் 600 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 54,000 ரூபாய் எரிந்து போகிறது. மானியம் போக அவர் கையிலிருந்து போடும் தொகை ஒன்றே கால் லட்சம் என்றால், இரண்டரை ஆண்டுக்குள் அது திரும்பிவிடும். இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். அவரிடம் டீசல் ரசீதுகளைக் கேட்டு வாங்கி, அவரையே கூட்டச் சொல்லுங்கள்.

பங்குக் கிணறுகளைத் தனியாகக் குறியுங்கள். அண்ணன் தம்பி மூவரும் சித்தப்பா மகனும் முறைவைத்து இறைக்கும் கிணற்றில், முறை மணிக்கணக்கில் பிரிக்கப்பட்டிருக்கும். சூரிய சக்தியில் எல்லா மணியும் ஒன்றல்ல. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை கொட்டும் நீரும், ஏழு மணியிலிருந்து பத்து வரை வரும் நீரும் சமமாகா. பழைய முறையை அப்படியே வைத்தால் முதல் மாதமே சண்டை வரும். வாரத்துக்கு ஒருமுறை நேரத்தைச் சுழற்றுவது ஒரு வழி. நீரை ஒரே தொட்டியில் ஏற்றி, தொட்டியிலிருந்து அளந்து பிரிப்பது அதைவிட நல்ல வழி. எதுவானாலும் பம்பு வருவதற்கு முன்பே பேசி, எழுதி, நால்வரும் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாம் படி: கிணற்றை அளத்தல்

பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் விதைக்கப்படுகின்றன. பக்கத்துத் தோட்டத்தில் ஏழரை குதிரைத்திறன் ஓடுகிறது, எனக்கும் அதுவே வேண்டும் என்பார்கள். கிணற்றில் ஊற்று இல்லாமல் பெரிய பம்பை இறக்கினால் அது அரை மணியில் கிணற்றை வற்றடித்துவிட்டு, மீதி வெயிலையெல்லாம் வீணாக்கும்.

சித்திரை, வைகாசியில் அளவெடுங்கள். மழை முடிந்த தை மாதத்து நீர்மட்டத்தை நம்பிப் பம்பு வாங்கக் கூடாது. தேவையான கருவிகள் எளியவை: அடிக்கு அடி முடிச்சிட்ட நைலான் கயிறு, நுனியில் ஒரு கல், 200 லிட்டர் பீப்பாய், கைப்பேசியில் ஒரு கடிகாரம்.

காலையில் பம்பு ஓடுவதற்கு முன் கயிற்றை விட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். பிறகு இருக்கும் என்ஜினையே ஓட்டி, வாய்க்காலில் விழும் நீரைப் பீப்பாயில் பிடியுங்கள். 200 லிட்டர் நிரம்ப 40 நொடி ஆனால் நொடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி கயிற்றை விடுங்கள். மட்டம் எவ்வளவு இறங்கியது என்பது தெரியும். என்ஜினை நிறுத்திவிட்டு, பழைய மட்டத்துக்கு வர எத்தனை மணி ஆகிறது என்று பாருங்கள். அதுதான் அந்தக் கிணற்றின் ஊற்று. பம்பின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது இந்த எண்தான். ஆழ்துளைக் கிணறானால், துளையிட்டபோது எத்தனை அடியில் நீர் வந்தது, பம்பு எத்தனை அடியில் தொங்குகிறது என்று உரிமையாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பார்.

மூன்றாம் படி: பயிருக்கு எவ்வளவு, பலகை எவ்வளவு

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 4,000 லிட்டர். கோடையில் காய்கறிப் பயிர் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் கேட்கும் என்று கொள்ளுங்கள். ஏக்கருக்கு 20,000 லிட்டர். சொட்டுநீரில் இழப்பு குறைவு, 22,000 லிட்டர் விட்டால் போதும். வாய்க்காலில் பாய்ச்சினால் பாதிக்குப் பாதி மண்ணில் போகும், 40,000 லிட்டர் தேவை.

இனி பம்பின் பக்கம். ஐந்து குதிரைத்திறன் பம்புக்கு 4,800 வாட் பலகை என்பது மத்திய அரசின் தரக்குறிப்பு. மூன்றுக்கு 3,000, பத்துக்கு 9,000 வாட். நல்ல வெயில் நாளில் 4,800 வாட் பலகை 20 முதல் 24 யூனிட் வரை தரும். ஒரு லட்சம் லிட்டர் நீரை நூறடி, அதாவது 30 மீட்டர் உயர்த்த, பம்பின் இழப்பெல்லாம் சேர்த்து 18 முதல் 20 யூனிட் வேண்டும். ஆக, நூறடி ஆழத்தில் நீர் இருக்கும் தோட்டத்தில் ஐந்து குதிரைத்திறன் பம்பு நாளுக்கு ஒரு லட்சம் லிட்டரோ சற்றுக் கூடுதலாகவோ எடுக்கும். சொட்டுநீரானால் நாலரை ஏக்கர், வாய்க்காலானால் இரண்டரை ஏக்கர். ஆழம் இருநூறு அடியானால் இந்த அளவு பாதியாகும்.

இதில் ஒன்றை மறந்துவிடுவார்கள். சொட்டுநீர்க் குழாய்க்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வேண்டுமானால், அது பத்து மீட்டர் கூடுதல் உயரத்துக்குச் சமம். அதையும் ஆழத்தோடு கூட்ட வேண்டும். தவிர, மேகம் வந்துபோகும்போதெல்லாம் அழுத்தம் ஏறி இறங்கும். குழாயின் கடைசியில் இருக்கும் செடிக்கு நீர் போகாது. வயலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக விடலாம். மேட்டு நிலம் இருந்தால் அங்கே தொட்டி கட்டி, அதிலிருந்து இறக்கலாம். பேட்டரி வாங்குவதைவிடத் தொட்டி கட்டுவது மேல். பேட்டரியைச் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும், தொட்டியை அப்படி மாற்ற வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் குறையும்போது நீர்த்தேவையும் குறைகிறது. அந்தக் கவலை பெரிதில்லை.

நான்காம் படி: நிலத்தடி நீரைப் பற்றிப் பேசியாக வேண்டும்

டீசல் காசு கொடுப்பவர் பயிருக்குத் தேவையான அளவோடு நிறுத்துவார். வெயிலுக்குக் காசு இல்லை. பம்பை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. நான் சோலார் பம்பை மனமார ஆதரிக்கிறேன். ஆனால் இந்த ஆபத்தைச் சொல்லாமல் பலகை மாட்ட உதவுவது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் துரோகம். தமிழ்நாட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து நிலத்தடி நீரைக் கணக்கிடுகிறார்கள். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், மழை ஊட்டும் அளவுக்கு மேல் உறிஞ்சப்படுகிறது. உங்கள் பகுதி எந்த வகையில் வருகிறது என்பதை முதலில் விசாரியுங்கள். மானிய விதியே அதைப் பொறுத்து மாறும். நிலைமை மோசமான இடங்களில் புதிய கிணற்றுக்குச் சோலார் பம்பு கிடைக்காது. சொட்டுநீர் அமைப்பும் நிபந்தனையாகும். விதி கேட்காத இடத்திலும் சொட்டுநீரோடு சேர்த்தே பரிந்துரையுங்கள். அதற்குத் தனியாக நல்ல மானியம் உண்டு.

ஐந்தாம் படி: காகிதம்

சோலார் பம்புகளுக்கு மானியம் தரும் பிரதமரின் குசும் திட்டம் 2019இல் தொடங்கியது. தனியாக நிற்கும் சோலார் பம்புகள் அதன் இரண்டாம் பிரிவில் வருகின்றன. மத்திய அரசு 30 விழுக்காடு, மாநில அரசு 30 விழுக்காடு என்பது அடிப்படை. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இதை நடத்துகிறது. சிறு, குறு உழவர்களாக இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குக் கூடுதல் மானியம் சேர்கிறது. விழுக்காடும் ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்த ஆண்டின் அரசாணைப்படி என்ன என்று உட்கோட்ட உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டே உழவரிடம் தொகையைச் சொல்லுங்கள்.

சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று, சாதிச் சான்று ஆகியவற்றைத் திரட்டுவது எளிது. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பதுதான் சிக்கல். கூட்டுப் பட்டாவில் இருப்பவர்களில் ஒருவர் திருப்பூரிலும் ஒருவர் வளைகுடாவிலும் இருப்பார்கள். ஆண்டு முழுவதும் உழுது நட்டு அறுப்பவர் பெண்ணாக இருப்பார், பட்டா கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். விண்ணப்ப அறிவிப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்பே இந்தப் பட்டா வேலையைத் தொடங்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உடன் நடந்து போவது, வாரிசுச் சான்று வாங்கித் தருவது, ஒப்புதல் கடிதம் எழுதித் தருவது ஆகியவைதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. பலகை பற்றிய சொற்பொழிவு இதற்குப் பிறகு.

இலவச மின் இணைப்புக்கு ஏற்கெனவே விண்ணப்பித்தவர், சோலார் பம்பு பெற்றால் தம் வரிசை என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அது தெரியாமல் கையெழுத்திட்டு, பிறகு வருந்த விடாதீர்கள்.

குசும் பெயரில் போலி இணையதளங்கள் இயங்குவதாக மத்திய அமைச்சகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பதிவுக் கட்டணம் என்று கைப்பேசியில் பணம் கேட்டால், அது மோசடி. உழவர் பங்குத் தொகையைத் துறை சொல்லும் வழியில் மட்டும், ரசீதோடு செலுத்தச் செய்யுங்கள்.

ஆறாம் படி: பலகை நிற்கும் இடம்

பலகை தெற்கு நோக்கி, தமிழ்நாட்டில் பத்து முதல் பதின்மூன்று பாகை சாய்வில் நிற்க வேண்டும். நிழலைக் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் போய்ப் பாருங்கள்; நண்பகலில் பார்த்தால் எல்லா இடமும் நல்ல இடமாகவே தெரியும். தென்னையின் ஒற்றை மட்டை நிழல் ஒரு பலகையின் ஓரத்தில் விழுந்தாலும், தொடராக இணைத்த எல்லாப் பலகைகளின் மின்னோட்டமும் குறையும். குழாயில் ஓரிடத்தில் அடைப்பு இருந்தால் முழுக் குழாயின் நீரும் குறைவதைப் போல. பக்கத்தில் வேப்பங்கன்று இருந்தால் அது பத்து ஆண்டில் எவ்வளவு உயரும் என்பதையும் யோசியுங்கள்.

அடித்தளக் கான்கிரீட் போடும் நாளில் நீங்களோ உழவரோ கட்டாயம் அங்கே இருக்க வேண்டும். 2018இல் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளையே வேரோடு சாய்த்தது. மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்பது தரக்குறிப்பு. குழியின் ஆழத்தில் ஓரடி குறைத்தால் அது காகிதத்தில் மட்டும் தாங்கும். இடிதாங்கிக்கும் பலகைச் சட்டத்துக்கும் தனித்தனி எர்த்திங் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள்களைக் குழாய்க்குள் விட்டு இரு முனையையும் அடைக்கச் சொல்லுங்கள், எலி கடிக்காது.

நீர் இறைக்காத நாட்களில் அதே பலகையைக் கொண்டு தீவனம் நறுக்கும் இயந்திரமோ மாவரைக்கும் இயந்திரமோ ஓட்ட உதவும் பொதுக் கண்ட்ரோலர்கள் (பலகையின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி இயந்திரத்துக்கு அனுப்பும் பெட்டிகள்) உண்டு. மாடு வைத்திருப்பவருக்கு இது பயன்படும். வாங்கும்போதே கேட்க வேண்டும், பிறகு மாற்றுவது செலவு.

நீருக்கு அப்பால்: தொழுவமும் களமும்

நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டில் இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் வைக்கலாம். நாளுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் கேட்கும். முறையாக நடந்தால் மாதத்துக்கு ஒன்றரை சிலிண்டருக்குக் குறையாத வாயு கிடைக்கும். எருவாகப் போகும் கரைசலின் மதிப்பு வாயுவின் மதிப்பைவிடக் கூட என்று பல உழவர்கள் கருதுகிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நாள்தோறும் சாணம் கரைப்பது யார் என்று கேட்காமல் கலன் கட்டாதீர்கள். அந்த வேலை வீட்டுப் பெண் தலையில் விழும். அவர் சம்மதித்தால்தான் கலன் ஓடும். நீலகிரி போன்ற குளிர்ந்த இடங்களில் குளிர்காலத்தில் வாயு குறையும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரை காய வைப்போருக்குச் சூரியக் கூடார உலர்த்தி நல்ல முதலீடு. திறந்த களத்தில் ஒரு வாரம் பிடிக்கும் வேலை அதில் பாதிக் காலத்தில் முடிகிறது. திடீர் மழையில் பூஞ்சை பிடிப்பதில்லை, தூசியும் படிவதில்லை. மானியமும் உண்டு. தனி ஒருவர் வாங்குவதைவிட உழவர் குழு சேர்ந்து வாங்கலாம். 2020இல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியத்தில் இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை, ஏழு ஆண்டு வரை கிடைக்கிறது.

மரம் வளர்ப்போருக்கு

சவுக்கும் தைலமரமும் மலைவேம்பும் வளர்ப்போர், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் இராமநாதபுரத்து, சிவகங்கைக் குடும்பங்கள் ஆகியோர் எரிபொருள் விற்பவர்கள். அவர்களுக்கு உதவி என்பது எடைமேடையில் தொடங்குகிறது.

பச்சை விறகில் ஏறத்தாழ பாதி எடை நீர். அது நிழலும் காற்றும் உள்ள இடத்தில் அடுக்கப்பட்டு, ஈரம் ஐந்தில் ஒரு பங்காகும் வரை காய்ந்தால், ஆயிரம் கிலோ 625 கிலோவாகக் குறையும். கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பமோ ஒன்றே முக்கால் மடங்காகிறது. வாங்கும் சாயப்பட்டறையும் தேயிலைத் தொழிற்சாலையும் எடைக்கு ஒரே விலை கொடுத்தால், காயவைத்தவருக்கு நஷ்டம். எனவே யாரும் காயவைப்பதில்லை, ஈரவிறகு புகைந்தபடி எரிகிறது, மரமும் கூடுதலாக வெட்டப்படுகிறது. ஈரமானி ஒன்றை உழவர் குழுவே வாங்கி வைத்து, காய்ந்த விறகுக்குப் பச்சை விறகைப் போல 1.6 மடங்குக்குக் குறையாத விலையைப் பேசி முடிக்க வேண்டும். ஈரமானி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இந்த ஒரு மாற்றம் பல பெரிய திட்டங்களைவிடப் பயன் தரும்.

விறகிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சியின் அனுபவத்தைப் படிக்க வேண்டும். குடிநீர் இறைக்க அங்கே, விறகை வாயுவாக்கி அதில் ஓடும் ஒன்பது கிலோவாட் மரவாயு இயந்திரம் வைத்தார்கள். மரக்கழிவு மலிவாகக் கிடைத்தவரை நன்றாகவே உதவியது. விலை ஏறியதும் கணக்கு இடித்தது. பிறகு 2006இல் அதே ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலையை 1.55 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதில் 40 லட்சம் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. மரவாயு இயந்திரம் ஒரு யூனிட்டுக்கு ஒன்றேகால் கிலோ அளவில் காய்ந்த விறகு கேட்கும். சொந்தத் தோப்பின் கழிவு ஆண்டு முழுவதும் உறுதியாகக் கிடைக்குமா என்று பார்த்த பிறகே அந்தப் பக்கம் போங்கள். வெட்டுவதற்கும் ஏற்றிச்செல்வதற்கும் உள்ள அனுமதி விதிகள் மரத்துக்கு மரம் மாறும். வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

காட்டோர நிலங்களில் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் சூரிய மின்வேலி வேண்டும் என்பார்கள். தரமான வேலிக் கருவி நொடிக்கு ஒருமுறை நுண்ணிய துடிப்பாக மட்டும் அதிர்ச்சி தரும்; விலங்கு விலகிப் போகும். மின்கம்பத்திலிருந்து நேராக வேலிக்கு இழுக்கப்படும் கம்பி யானையையும் கொல்கிறது, இரவில் நீர் பாய்ச்சப் போகும் மனிதரையும் கொல்கிறது. தமிழ்நாடு அரசு 2023இல் மின்வேலிகளைப் பதிவு செய்ய விதிகள் கொண்டுவந்தது. வனத்துறையின் அனுமதியும் பதிவும் இல்லாமல் வேலி போட ஒருபோதும் உதவாதீர்கள்.

கடைசிப் படி: மாட்டிய பிறகு

மாட்டிய அன்று எல்லோரும் புகைப்படம் எடுப்பார்கள். மூன்றாம் ஆண்டில் கண்ட்ரோலர் பழுதானால் யாரை அழைப்பது? ஊரிலேயே மின்பணி தெரிந்த ஓர் இளைஞரையோ பெண்ணையோ நிறுவும் நாளிலிருந்தே உடன் வைத்துப் பழக்குங்கள். மின்னழுத்தம் அளக்க, தளர்ந்த இணைப்பை இறுக்க, கண்ட்ரோலர் காட்டும் பிழை எண்ணைப் படித்து நிறுவனத்துக்குச் சொல்ல அவருக்குத் தெரிந்தால், பெரும்பாலான நாட்களில் வெளியிலிருந்து ஆள் வரத் தேவையிருக்காது.

பலகையை விடியற்காலையில், அது குளிர்ந்திருக்கும்போது துடைக்க வேண்டும். கொதிக்கும் கண்ணாடியில் நண்பகலில் நீர் ஊற்றக் கூடாது. போர்வெல் நீர் உப்பாக இருந்தால் வெண்மையாகப் படிந்துவிடும். பிடித்துவைத்த மழைநீரும் மெல்லிய துணியும் போதும். சோப்புத் தூள் வேண்டாம்.

ஐந்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் பம்பின் விலையிலேயே அடங்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒப்பந்த நகல், பலகைகளின் வரிசை எண்கள், காப்பீட்டுத் தாள், புகார் எண் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு உழவர் கையில் கொடுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதியை உங்கள் நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு ஒவ்வொரு தோட்டமாகப் போய், அதே பீப்பாயில் நீரைப் பிடித்து, முதலாண்டு அளவோடு ஒப்பிடுங்கள். நீர் குறைந்திருந்து கிணற்று மட்டமும் இறங்கியிருந்தால் அது நிலத்தடி நீரின் செய்தி. பயிரையும் பாசன முறையையும் பற்றிப் பேச வேண்டும். மட்டம் அப்படியே இருந்து நீர் மட்டும் குறைந்திருந்தால் கோளாறு இயந்திரத்தில் இருக்கிறது. காலக்கெடு முடிவதற்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, சரிசெய்து வாங்கிவிடுங்கள்.